புற்றுநோய் சிகிச்சை எல்லோருக்கும் ஒன்றுபோலக் கிடைக்க அரசிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கமாகத் தந்துவிடுகிறேன். உங்கள் அத்தைக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். முதல் தடவை டாக்டரைப் பார்த்த நாளுக்கும் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க ஆரம்பித்த நாளுக்கும் நடுவே ஏழு மாதம் ஓடிவிட்டது. போன வருடம் இறந்துவிட்டார். உங்கள் மலையடிவாரக் கிராமங்களில் இப்படி நான்கைந்து பேர். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, ‘எங்கள் மாவட்டத்துக்கு ஒரு புற்றுநோய் மருத்துவமனை வேண்டும்’ என்று கலெக்டரிடம் மனு கொடுக்க நினைக்கிறீர்கள். மனு கொடுத்தால் ஏதாவது நடக்குமா, வேறு என்ன கேட்கலாம் என்பது உங்கள் கேள்வி.

நடக்கும். ஆனால் அந்த மனுவால் நடக்குமா என்றால் எனக்குச் சந்தேகம்தான். 22 ஆண்டுகள் மருத்துவமனை ஒன்றில் சமூகப் பணியாளராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதே வேலையாகிவிட்டது. உங்கள் மனுவுக்கு என்ன பதில் வரும் என்பதை இப்போதே சொல்லிவிடலாம்: ‘தங்கள் கோரிக்கை அரசின் பரிசீலனையில் உள்ளது.’ யாரையும் எதற்கும் பொறுப்பாக்காத பதில். மனு அப்படி இருந்தால் பதிலும் அப்படித்தான் இருக்கும்.

கட்டடம் எழுந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். கதிர்வீச்சு இயந்திரம் வைக்கக் கனத்த கான்கிரீட் சுவர் கொண்ட அறை வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். கதிர்வீச்சு மருத்துவர், மருத்துவ இயற்பியலாளர், தொழில்நுட்பர் என்று ஆட்கள் வேண்டும். இதில் ஒருவருடைய இடம் காலியாக இருந்தாலும் இயந்திரம் ஓடாது. திறப்பு விழாக் கல்வெட்டு பளபளவென்று இருக்க, உள்ளே இயந்திரம் உறை போட்டபடி கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். மாவட்டத்துக்கு மருத்துவமனை கூடாது என்று சொல்லவில்லை. அது பத்து வருடக் கோரிக்கை. உங்கள் ஊரில் அடுத்து நோய் வரப்போகும் பெண்ணுக்குப் பத்து வருட அவகாசம் இல்லை.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடி கிடைத்த சொல் ‘ஏழு மாதம்’ என்பதுதான். அதைப் பிரித்துப் பாருங்கள். உங்கள் அத்தையைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்த நூற்றுக்கணக்கான அத்தைகளின் கதை ஏறக்குறைய ஒன்றுதான். வெள்ளைப்படுகிறது, இடையில் ரத்தம் படுகிறது. ‘மாதவிடாய் நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்’ என்று பக்கத்து வீட்டிலும் சொல்வார்கள், பக்கத்து டவுன் கிளினிக்கிலும் சொல்வார்கள். மாத்திரையில் இரண்டு மாதம் போகும். பிறகு ஸ்கேன். அதன் பிறகுதான் ஒருவர் உள்ளே பார்த்துச் சதைப் பரிசோதனைக்கு (பயாப்சி) எழுதுவார். ரிப்போர்ட் வர இரண்டு மூன்று வாரம். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரி. அங்கே காப்பீட்டு அட்டை கேட்பார்கள்; அட்டையில் பெயர் விட்டுப்போயிருக்கும்; வருமானச் சான்றுக்கு ஊர் திரும்ப வேண்டும். அப்ரூவல் வரும். அதன் பிறகு இயந்திரத்துக்கு வரிசை.

இந்த ஒவ்வொரு தாமதத்துக்கும் ஒரு விலாசம் உண்டு. ஒன்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உரியது, ஒன்று எடுத்த சதையைச் சோதிக்கும் நோய்க்கூறியல் ஆய்வகத்துக்கு, ஒன்று காப்பீட்டுத் திட்ட அலுவலகத்துக்கு, ஒன்று வருவாய்த் துறைக்கு. மருத்துவமனை வேண்டும் என்று கேட்டால் இவர்கள் எவருக்கும் வேலை இல்லை. ‘சதைப் பரிசோதனை முடிவை 10 நாளில் தர உத்தரவிட வேண்டும்’ என்று கேட்டால் ஒருவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கும். சிகிச்சையில் சமத்துவம் என்று மேடையில் பேசுவதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன்: சென்னையில் வசதியுள்ள ஒருவருக்கு மூன்று வாரத்தில் நடப்பது, உங்கள் ஊர்ப் பெண்ணுக்கு எத்தனை வாரத்தில் நடக்கிறது? இந்த இடைவெளியைக் குறைக்கும் உத்தரவு எதுவோ அதுதான் நல்ல கோரிக்கை.

பணத்தைப் பற்றி முதலில் பேசிவிடலாம், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் போய் நிற்கிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-இல் வந்தது. அதற்கு முன்பு 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம். 2018-இல் மத்திய அரசின் பிரதமர் திட்டத்தோடு இணைந்த பிறகு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு மூன்றும் இதில் வரும். குறை சொல்பவர்கள் உண்டு, ஆனால் இந்த அட்டை இல்லாத காலத்தில் தாலி அடகு வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இதை இளக்காரமாகப் பேச எனக்கு மனம் வராது. பிரச்சினை அட்டை எங்கே தொடங்குகிறது என்பதில் இருக்கிறது. நோய் உறுதியான பிறகே அது முழு வேகத்தில் வேலை செய்கிறது. உறுதியாவதற்கு முன்னால் நடக்கும் அலைச்சல், தனியார் ஸ்கேன், ஆய்வகக் கட்டணம் எல்லாம் பெரும்பாலும் கைக்காசு. கூலி இழப்பை எந்த அட்டையும் தருவதில்லை.

பஸ் கட்டணம் இதில் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வழக்கமாக வாரத்துக்கு 5 நாள் வீதம் 5 வாரம் வெளியிலிருந்து கதிர்வீச்சு, கூடவே கீமோ, பிறகு உள்கதிர்வீச்சு. மொத்தமும் 8 வாரத்துக்குள் முடிந்தால்தான் முழுப் பலன். நடுவில் நாட்கள் விட்டுப்போனால் நோய் மீண்டும் தலையெடுக்க வாய்ப்பு கூடுகிறது. இப்போது ஒரு கூலிப் பெண்ணை நினைத்துப்பாருங்கள்: துணைக்கு ஒருவர், தினம் இரண்டு பஸ் மாறி, ஐந்து வாரம். 2021-இலிருந்து பெண்களுக்கு இலவசப் பயணம் இருக்கிறதே என்றால், அது பெரும்பாலும் சாதாரண நகரப் பேருந்துக்குத்தான். வெளியூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் புறநகர்ப் பேருந்தில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். ரயிலில் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வசதிப் பெட்டியில் முழுக் கட்டணமும் தள்ளுபடி, உடன் வருபவருக்கு 75 விழுக்காடு தள்ளுபடி. அருமையான சலுகை; ஆனால் உங்கள் மலையடிவாரத்தில் ரயில் எங்கே நிற்கிறது?

20-ஆவது நாள் சிகிச்சையோடு நின்றுவிட்ட ஒரு பெண்ணைத் தேடி ஒருமுறை ஊருக்கே போனேன். ‘கடலை பறிப்பு சார், நாலு நாள் கூலி’ என்றார். திட்டவும் முடியவில்லை, சமாதானம் சொல்லவும் முடியவில்லை. அவருக்கு அன்று தேவைப்பட்டது மருந்தன்று. மருத்துவமனைக்குப் பக்கத்தில் இலவசத் தங்குமிடமும், ஐந்து வாரத்துக்கு ஒரு சிறு உதவித்தொகையும். இந்த இரண்டையும் கேட்டு இரண்டு பக்கத்தில் ஒரு மனு எழுதலாம். இன்னொரு கோரிக்கையும் உண்டு: மார்பகப் புற்றுநோயில் ஐந்து வாரக் கதிர்வீச்சை மூன்று வாரமாகச் சுருக்கிக் கொடுத்தாலும் பலன் குறைவதில்லை என்பது பெரிய ஆய்வுகளில் உறுதியாகி ஆண்டுகள் ஆகின்றன. தகுதியுள்ள நோயாளிகளுக்கு எல்லா அரசு மையங்களும் அந்தக் குறுகிய முறையையே பின்பற்ற வேண்டும் என்ற உத்தரவு ஒன்று போதும். அரசுக்குச் செலவும் இல்லை, இயந்திர வரிசையும் குறையும். இது போன்ற கோரிக்கையை மனுக்களில் நான் பார்ப்பதே இல்லை. எல்லோரும் கட்டடத்தையே கேட்கிறார்கள்.

தூரம் கூடும்போது யார் முதலில் வீட்டில் நிறுத்தப்படுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். டெல்லி, மும்பை, சென்னை ஆகிய ஊர்களின் பெரிய மருத்துவமனைத் தரவுகளை வைத்து 2022-இல் லான்செட் ஆன்காலஜி இதழில் வந்த ஆய்வு, குழந்தைப் புற்றுநோய்க்கு அழைத்துவரப்படுவோரில் சிறுமிகளைவிடச் சிறுவர்களே அதிகம் என்று காட்டியது. நோய் ஆண் பெண் பார்த்து அந்த அளவுக்கு வேறுபடுவதில்லை. பெற்றோர்தான் கணக்குப் பார்க்கிறார்கள்.

இனி, உங்கள் அத்தைக்கு நேர்ந்ததைத் தடுத்திருக்கக்கூடிய விஷயம். இதில் கொஞ்சம் நிதானமாக நிற்கிறேன், ஏனென்றால் இதில் தமிழ்நாட்டுக்குப் பெருமையும் வெட்கமும் கலந்திருக்கின்றன.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமூக சுகாதார மையமும், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும், பிரான்ஸில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து நடத்தின. கருவி பெரிதாக ஒன்றும் இல்லை. பயிற்சி பெற்ற செவிலியர்கள், நீர்த்த வினிகர், ஒரு விளக்கு. கர்ப்பப்பை வாயில் வினிகரைத் தடவினால் புற்றாக மாறக்கூடிய இடம் வெள்ளையாகத் தெரியும். அங்கேயே குளிரூட்டிக் கருக்கிவிடலாம். 30 முதல் 59 வயது வரையிலான பெண்களில் சுமார் 31 ஆயிரம் பேர் பரிசோதனைக்கு வந்தார்கள். 2007-இல் முடிவு வெளியானது: பரிசோதனை நடந்த பகுதிகளில் புதிதாக நோய் வருவது 25 விழுக்காடும், இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. ஒப்பீட்டுக்காகப் பரிசோதனை தரப்படாத ஊர்களின் பெண்களைப் பற்றிப் பிறகு கடுமையான விமர்சனம் எழுந்தது. அது நியாயமான விமர்சனம் என்றே நினைக்கிறேன். அந்தப் பெண்களுக்கு நாம் பட்ட கடனை அடைக்க இருந்த ஒரே வழி, முடிவு தெரிந்த மறுநாளே எல்லா ஊருக்கும் அதைக் கொண்டுபோவதுதான்.

கொண்டுபோனோமா? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்தியாவில் 1.9 விழுக்காடு. தமிழ்நாட்டில் 9.8. மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் நாம் எங்கேயோ முன்னால் நிற்கிறோம் என்று அதிகாரிகள் சொல்வார்கள், சொல்லட்டும். பத்தில் ஒன்பது பெண்கள் வெளியே நிற்கிறார்கள் என்றும் அதே எண் சொல்கிறது. இந்தியா முழுவதும் 2022-இல் மட்டும் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் வந்தது. ஏறக்குறைய 80 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை தந்த மதிப்பீடு.

அரசு சும்மா இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. 2023-இல் ஈரோடு, கன்னியாகுமரி, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய நான்கு மாவட்டங்களில் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கு வீடுவீடாக அழைப்புக் கொடுத்துப் பரிசோதிக்கும் திட்டம் தொடங்கியது. அழைப்பிதழ் கொடுத்து வரவழைப்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். அதுதான் எல்லாம். முகாம் போட்டு, பந்தல் கட்டி, வந்தவர்களைப் பரிசோதிப்பது ஒரு முறை. பட்டியல் வைத்துக்கொண்டு, வராதவர் வீட்டுக்கதவைத் தட்டுவது இன்னொரு முறை. முதல் முறையில் ஏற்கெனவே விவரம் தெரிந்த பெண்கள்தான் வருவார்கள். முகாம்களைப் பற்றி எனக்கு ஓர் ஒவ்வாமையே உண்டு. சந்தேகம் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தப் பெண் அடுத்து எங்கே போவார் என்று பார்க்காத முகாம், போட்டோவுக்கு மட்டுமே உதவும். அந்தப் பெண்ணுக்குப் பயத்தை மட்டும் கொடுத்து அனுப்புகிறது.

ஆகவே உங்கள் முதல் கோரிக்கை இதுவாக இருக்கட்டும் என்பேன்: எங்கள் வட்டாரத்தில் 30 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் பெயர்ப் பட்டியலின்படி அழைப்பு, சந்தேகம் வந்தவருக்கு மேல்பரிசோதனைக்குத் தேதி அன்றே, அவர் சிகிச்சை தொடங்கும் வரை கூடவே பேசிக்கொண்டிருக்க மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஓர் ஒருங்கிணைப்பாளர், அவருக்கு ஒரு கைப்பேசி. இந்தக் கடைசி ஆள் எவ்வளவு முக்கியம் என்பது அந்த வேலையைச் செய்த எனக்குத் தெரியும். டாக்டர் இல்லாத குறையை என்னால் தீர்க்க முடிந்ததில்லை. ஆனால் ‘எந்த வாசல் வழியாகப் போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், எந்தத் தாளை மறக்கக் கூடாது’ என்று போனில் சொன்னதால் மட்டும் பலருக்கு மாதக்கணக்கில் மிச்சமானது.

தடுப்பூசியைச் சேர்க்க மறக்காதீர்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸுக்கு எதிரான தடுப்பூசியைச் சிக்கிம் 2018-லேயே பள்ளிச் சிறுமிகளுக்குப் போட்டுக் காட்டிவிட்டது. ஒரு தவணையே போதுமான பாதுகாப்புத் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் ஏற்றுக்கொண்டது. சீரம் நிறுவனத்தின் உள்நாட்டுத் தடுப்பூசியும் வந்துவிட்டது. தமிழ்நாடு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் அறிவித்தது. அறிவிப்பு வந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எங்கள் ஒன்றியத்துப் பள்ளிகளில் எந்தத் தேதியில், பள்ளியை விட்டு நின்றுவிட்ட பெண்களுக்கு யார் போடுவது?

மனு கொடுத்து என்ன ஆகும் என்று உங்கள் நண்பர்கள் சலித்துக்கொள்வதாக எழுதியிருந்தீர்கள். அவர்களுக்காக இரண்டு மூன்று கதைகள்.

முத்துலட்சுமி ரெட்டி தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். டாக்டர் என்பதோடு, சென்னை மாகாணச் சட்ட மேலவையில் உட்கார்ந்து பழகியவர். சட்டம் எப்படி நகரும் என்று தெரிந்தவர். பல ஆண்டுகள் நிதி திரட்டி, கதவு தட்டி, 1952-இல் நேருவை அழைத்து அடிக்கல் நாட்டவைத்து, 1954-இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையத்தைத் திறந்தார். அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். அங்கே 1981-இல் தொடங்கிய சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவேடு இல்லாமல், நகரத்தில் எந்தப் புற்றுநோய் ஏறுகிறது எது இறங்குகிறது என்று இன்று யாராலும் பேச முடியாது. பதிவேடு என்றால் சலிப்பூட்டும் எழுத்தர் வேலை என்று நினைக்காதீர்கள். எண்ணப்படாத நோயாளிக்கு நிதி ஒதுக்க எந்த நிதிச் செயலரும் கையெழுத்துப் போடமாட்டார். புற்றுநோயை அறிவிக்கத்தக்க நோயாக்க வேண்டும், அதாவது ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் அரசுக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2022-இல் பரிந்துரைத்ததும் இதனால்தான்.

இங்கே இடையில் ஒன்று. தமிழ்நாட்டின் முதலமைச்சர் அண்ணா 1968-இல் புற்றுநோய் சிகிச்சைக்கு நியூயார்க் போக வேண்டியிருந்தது. 1969 பிப்ரவரியில் மறைந்தார். அவர் பெயரில் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அன்று முதலமைச்சருக்கு நியூயார்க் இருந்த தூரத்தில்தான் இன்று உங்கள் ஊர்ப் பெண்ணுக்குக் காரப்பேட்டை இருக்கிறது என்று மனுவில் ஒரு வரி எழுதினால் தவறில்லை. தமிழ்நாட்டு அதிகாரி எவரும் அந்த வரியைத் தாண்டி வேகமாகப் போய்விட முடியாது.

இரண்டாவது கதை ஒரு மாத்திரையுடையது. நாள்பட்ட மைலாய்டு வகை ரத்தப் புற்றுநோய்க்குக் கிளிவெக் என்ற மருந்து. நோவார்ட்டிஸ் விலை மாதத்துக்குச் சுமார் 1.2 லட்சம் ரூபாய். இந்திய நிறுவனங்கள் செய்ததன் விலை 8 முதல் 10 ஆயிரம். மும்பையைச் சேர்ந்த ஒரு நோயாளர் உதவிச் சங்கம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் எதிர்ப்பு மனு கொடுத்தது. 2006-இல் அந்த அலுவலகம் காப்புரிமையை மறுத்தது. தெரிந்த மருந்தின் புதிய வடிவம், அதனால் குணமளிக்கும் திறன் கூடாவிட்டால் கண்டுபிடிப்பு ஆகாது என்று காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவே செல்லாது என்று நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2007 ஆகஸ்டில் தோற்றது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. ஒரு சட்டப் பிரிவின் இரண்டு வரிகள், அவற்றைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்ற ஒரு நோயாளர் சங்கம். 2012-இல் சோரஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்துக்கு நாட்டின் முதல் கட்டாய உரிமம் (காப்புரிமை உள்ள மருந்தை இன்னொரு நிறுவனமும் செய்ய அரசு தரும் அனுமதி) கொடுக்கப்பட்டபோது மாத விலை 2.8 லட்சத்திலிருந்து 8,800 ரூபாய்க்கு இறங்கியது. 2019-இல் 42 புற்றுநோய் மருந்துகளின் வியாபார லாபத்துக்கு 30 விழுக்காடு உச்சவரம்பு வைத்தார்கள். சில மருந்துகளின் விலை 87 விழுக்காடு வரை குறைந்தது. அதுவரை அந்த லாபம் யார் பைக்குப் போனது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மருந்தில் நீங்கள் மாநிலத்திடம் கேட்கக்கூடியது ஒன்று உண்டு. 1990-களின் நடுவில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து நாட்டுக்கே வழிகாட்டியது. பிறகு தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பு (நேஷனல் கேன்சர் கிரிட்) என்ற கூட்டமைப்பில் உள்ள மருத்துவமனைகள் சில சேர்ந்து 40 மருந்துகளுக்கு ஒன்றாகப் பேரம் பேசி, 82 விழுக்காடு மிச்சம் பிடித்தன. ரூபாயில் சுமார் 1,320 கோடி. புற்று செல்களைக் குறிவைத்துத் தாக்கும் விலையுயர்ந்த இலக்கு மருந்துகளை அரசு மருத்துவமனைகளுக்கும் அதே பேர விலையில் வாங்கி, இருப்பு விவரத்தை மாதாமாதம் வெளியிடச் சொல்லுங்கள். ‘ஸ்டாக் இல்லை, வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்ற துண்டுச்சீட்டுதான் காப்பீட்டு அட்டையை வெறும் அட்டையாக்குகிறது.

மூன்றாவது கதையை எழுதும்போதே எனக்குக் கை கனக்கிறது. முற்றிய புற்றுநோயின் வலிக்கு மார்ஃபின் வேண்டும். விலை மலிவு. 1985-இன் போதைப்பொருள் சட்டம் அதற்கு மாநிலந்தோறும் உரிமத்துக்கு மேல் உரிமம் கேட்டது. மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் வம்பு வேண்டாம் என்று ஒதுங்கின. 1997-இல் இந்தியா முழுவதும் பயன்பட்ட மார்ஃபின் வெறும் 18 கிலோ. கேரளத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரோடு இருந்தவர்களும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அலைந்தார்கள். 2007-இல் நோய்த்தணிப்பு மருத்துவர்களின் சங்கம் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது. 2014 பிப்ரவரியில், அந்த மக்களவையின் கடைசிக் கூட்டத்தொடர் முடியும் தறுவாயில், திருத்தம் நிறைவேறியது. இனி பல உரிமங்கள் தேவையில்லை. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் ஒரே அங்கீகாரம் போதும். சட்டம் மாறியது. பழைய பயம் மாறவில்லை. அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கவே பல மருத்துவமனைகள் சோம்புகின்றன. உங்கள் மாவட்டத்தில் மார்ஃபின் வைத்திருக்க அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் எத்தனை, போன ஆண்டு எத்தனை நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். உங்கள் அத்தையின் கடைசி வாரங்களைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம். யாரிடம் எதைக் கேட்பது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது: ஆரம்ப சுகாதார நிலையம், செவிலியர், பரிசோதனை, ஆய்வகம், பஸ், தங்குமிடம் எல்லாம் சென்னைக் கோட்டை சார்ந்தவை. மருந்து விலைக் கட்டுப்பாடு, காப்புரிமை, சுங்க வரி டெல்லியைச் சார்ந்தவை. மத்திய அரசு 2025-26 பட்ஜெட்டில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் மூன்று ஆண்டுகளில் புற்றுநோய்ப் பகல்நேரச் சிகிச்சை மையம், முதல் ஆண்டில் 200 என்று சொன்னது. கீமோவை ஊருக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொள்ள வழி செய்யும் நல்ல வாக்குறுதி. உங்கள் மாவட்டத்து மையம் எந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறது என்று உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் அவையில் எழுத்துபூர்வமாகக் கேட்டால், அமைச்சர் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

மனுவுக்கு முன்னால் தகவல் உரிமைச் சட்ட விண்ணப்பம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, 30 நாள். மாவட்ட சுகாதார அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். எங்கள் ஒன்றியத்தில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் எத்தனை பேர், கடந்த ஓராண்டில் பரிசோதிக்கப்பட்டவர்கள் எத்தனை, சந்தேகம் என்று குறிக்கப்பட்டவர்கள் எத்தனை, அவர்களில் சதைப் பரிசோதனை வரை போனவர்கள் எத்தனை, சிகிச்சை தொடங்கியவர்கள் எத்தனை, தொடங்க ஆன சராசரி நாட்கள் எத்தனை? முதல் இரண்டு எண்கள் வந்துவிடும். கடைசி இரண்டும் பெரும்பாலும் வராது. ‘அத்தகைய விவரம் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை’ என்று பதில் வந்தால் வருத்தப்படாதீர்கள்; அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். சிகிச்சை தொடங்கியதா என்பதை அரசே பார்ப்பதில்லை என்பதற்கு அரசே கொடுத்த சான்று அது. உங்கள் மனுவில் அதைவிட வலுவான இணைப்பு இருக்க முடியாது.

அந்தத் தாளோடு கிராம சபைக்குப் போங்கள். இப்போது ஆண்டுக்கு ஆறு கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஐந்தாறு ஊர்களிலும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்து நகல் வாங்குங்கள். பத்துப் பேர் கையெழுத்திட்ட மனு கலெக்டர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குவியலில் ஒன்று. ஆறு கிராம சபைத் தீர்மானம் அப்படியல்ல. அதற்குக் கோப்பு எண் விழும்.

காலமும் முக்கியம். மாநில பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் வரும். அதற்குத் துறைகள் பல மாதம் முன்பே முன்மொழிவு அனுப்பிவிடுகின்றன. ஆகவே தீபாவளியை ஒட்டி உங்கள் மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பொங்கலுக்குப் பிறகு போனால் அடுத்த வருடம்தான். துறையின் செலவுக்குச் சட்டமன்றத்தில் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை நாளில் சுகாதாரத் துறை ஒரு கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும். தடித்த புத்தகம், இணையத்தில் இலவசம், யாரும் படிப்பதில்லை. நீங்கள் படியுங்கள். போன வருடம் என்ன அறிவித்தார்கள், இந்த வருடம் அது எந்தப் பக்கத்தில் காணாமல்போனது என்று அதில் தெரியும். சட்டமன்றத்தின் மனுக்கள் குழுவும் உறுதிமொழிக் குழுவும் மாவட்டச் சுற்றுப்பயணம் வரும்போது அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கையில் கொடுங்கள். கட்சி வேறுபாடு பார்க்காமல் எல்லா உறுப்பினருக்கும் கொடுங்கள்.

இன்னொன்று, பலர் தவறவிடுவது. உத்தரவு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று ஓய்ந்துவிடாதீர்கள். எந்தச் சட்டப் பிரிவின்மேல் அது நிற்கிறது என்று பாருங்கள். குட்கா, பான்மசாலா தடையைத் தமிழ்நாடு 2013-இலிருந்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கும் ஆணையாகவே ஓட்டியது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், தற்காலிக அதிகாரத்தை நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாது என்று அதை ரத்து செய்தது; ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை கொடுத்ததால் தப்பியது. வாய்ப் புற்றுநோய்க்கு எதிரான பெரிய ஆயுதம் மூன்று மாதம் நூலில் தொங்கியது.

மனுவை எழுத உட்காரும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அத்தையின் கோப்பு வீட்டில் எங்காவது இருக்கும். மஞ்சள் பையில், பீரோ மேல். எடுத்துத் தேதிகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள்: முதலில் டாக்டரைப் பார்த்த நாள், ஸ்கேன் எடுத்த நாள், சதை எடுத்த நாள், ரிப்போர்ட் வந்த நாள், காப்பீட்டு அப்ரூவல் வந்த நாள், முதல் கரண்ட் வைத்த நாள். மற்ற குடும்பங்கள் சம்மதித்தால் அவர்களுடையதையும் எழுதுங்கள். பெயர் வேண்டாம், வயதும் ஊரும் போதும். அந்தத் தாள்தான் மனுவின் முதல் பக்கம். அதை எனக்கு அனுப்பிவையுங்கள், மீதியைச் சேர்ந்து எழுதலாம்.